எடை குறைப்பு ஆபரேஷன் ரெண்டாவது தடவையா? தேதி குறிக்கிறதுக்கு முன்னாடி பாலிசியைப் பிரிச்சுப் படிங்க

எஸ்ஐபி, வீட்டுக் கடன், வரி தாக்கல்னு பேசுற இடத்துல இரைப்பை ஆபரேஷனுக்கு என்ன வேலைன்னு கேட்கலாம். இந்த வருஷம் மட்டும் மூணு பேர் இதே கேள்வியோட என்கிட்ட வந்துட்டாங்க. மூணு பேருக்கும் முப்பதை ஒட்டின வயசு, மூணு பேரும் மாதச் சம்பளக்காரங்க. முதல் எடை குறைப்பு ஆபரேஷன் முடிஞ்சு சில வருஷம் ஆச்சு, எடை திரும்ப ஏறிடுச்சு, ரிவிஷன் பண்ணலாம்னு டாக்டர் சொல்றார், பணத்துக்கு என்ன வழி? இதுதான் கேள்வி.

நான் ஆடிட்டர், டாக்டர் இல்லை. ஆபரேஷன் பண்ணலாமா வேண்டாமா என்பதை உங்க டாக்டர்தான் சொல்லணும். ஆனா அதோட தேதி, இடம், பில், லீவு, அதுக்கு அப்புறம் ஆயுசுக்கும் வர்ற செலவு, இதெல்லாம் உங்க சம்பளத்தோட நேரடியா மோதுற விஷயம். அதைத்தான் இங்கே பேசப் போறோம்.

முதல்ல ரிவிஷன்னா என்னன்னு சுருக்கமா. நம்ம ஊர்ல அதிகம் நடக்கிறது ஸ்லீவ் ஆபரேஷன். இரைப்பையில் ஏறக்குறைய முக்கால் பங்கை வெட்டி எடுத்துட்டு, வாழைக்காய் மாதிரி ஒரு குழாயை மட்டும் விட்டு வைப்பாங்க. சில வருஷத்துல சிலருக்கு எடை திரும்ப ஏறும். சிலருக்கு எடையை விட எதுக்களிப்பும் நெஞ்செரிச்சலும்தான் பெரிய தொல்லையா வரும். அப்போ அந்த ஸ்லீவை பைபாஸா மாத்துறது ஒரு வழி. அந்தக் காலத்துல பேண்ட் போட்டவங்களுக்கு அதைக் கழட்டிட்டு வேற ஆபரேஷன் பண்றதும் ரிவிஷன்தான். ஏற்கனவே கத்தி பட்ட இடம், உள்ளே தழும்பு இருக்கும். அதனால முதல் ஆபரேஷனை விட ரிஸ்க் கூடுதல். குறையுற எடையும் பொதுவா முதல் தடவை அளவுக்கு இருக்காது. இந்த ரெண்டையும் மனசுல வெச்சுக்கிட்டு மேலே படிங்க.

"வாயைக் கட்ட முடியலை, அதான் திரும்ப ஏறிடுச்சு"ன்னு கல்யாண வீட்டுப் பந்தியில் பேசுறவங்களைக் கண்டுக்காதீங்க. அமெரிக்கப் பாடகி கார்னி வில்சன் 1999-ல் பைபாஸ் பண்ணினாங்க, அதை இன்டர்நெட்லயே ஒளிபரப்பினாங்க. 2012-ல் திரும்பவும் போய் பேண்ட் போட்டுக்கிட்டாங்க. காசும் வசதியும் இருக்கிறவங்களுக்கே ஏறுது. உடல் பருமன் நீடிச்ச நோய். சர்க்கரை, பிரஷர் மாதிரி கூடவே வரும்.

மூணு பேர்ல ஒருத்தர் கதையை மட்டும், ஆள் அடையாளம் தெரியாத மாதிரி சொல்றேன். எங்க ஊர் வ. புதுப்பட்டிக்காரத் தம்பி. ராஜபாளையத்துல ஒரு மில்லுல அக்கவுண்ட்ஸ் வேலை, வயசு 31, உயரம் 170 செ.மீ. 2019-ல் ஸ்லீவ் பண்ணினப்போ 128 கிலோ. ரெண்டு வருஷத்துல 84-க்கு வந்தார். இப்போ 104. காணாமப் போன சர்க்கரையும் திரும்பி வந்து, மூணு மாத சராசரி 8.9-ல் நிக்குது. ராத்திரி படுத்தா எதுக்களிச்சு எழுந்து உட்கார்ந்துக்குவார். ஆபரேஷனுக்குத் தேதி குறிச்சாச்சு, பர்சனல் லோன் சாங்ஷன் ஆயிடுச்சு, அடுத்த மாசம் கோயம்புத்தூர்ல புது வேலை. "அண்ணே, லோனுக்கு வரிச் சலுகை உண்டா?" இதைக் கேட்கத்தான் வந்தார்.

கிடையாது. அதை விட முக்கியமா, அந்தத் தேதி, லோன், வேலை மாற்றம் மூணும் தப்பான வரிசையில் நின்னுச்சு.

பாலிசி என்ன சொல்லுது

ஹெல்த் பாலிசிகளில் எதைத் தர மாட்டோம்னு சொல்ற வாசகங்களை 2019-ல் ஐஆர்டிஏஐ ஒரே மாதிரி ஆக்கிடுச்சு. உங்க பாலிசியில் 'எக்ஸ்க்ளூஷன் 06'-ன்னு ஒரு வரி இருக்கும்; உடல் பருமன், எடைக் கட்டுப்பாடுன்னு தலைப்பு. பேரு எக்ஸ்க்ளூஷன்னாலும் உள்ளே ஒரு கதவு திறந்திருக்கு. டாக்டர் ஆலோசனைப்படி நடக்கணும், மருத்துவ நடைமுறைக்கு உட்பட்டதா இருக்கணும், வயசு 18 அல்லது அதுக்கு மேல இருக்கணும். அடுத்தது பிஎம்ஐ: 40 அல்லது அதுக்கு மேல. இல்லேன்னா 35 அல்லது அதுக்கு மேல இருந்து, கத்தியில்லாத வழிகள் பலிக்காமப் போயி, கூடவே நாலு பெரிய நோயில் ஒண்ணாவது இருக்கணும். உடல் பருமனால் வந்த இதயத்தசை நோய், இதய ரத்தக்குழாய் நோய், கடுமையான ஸ்லீப் ஆப்னியா, கட்டுக்குள் வராத டைப் 2 சர்க்கரை. இது எல்லாம் சேர்ந்து பொருந்தினாத்தான் கிளெய்ம்.

நம்ம தம்பி உயரத்துக்கு பிஎம்ஐ 40-ன்னா 115.6 கிலோ. 35-ன்னா 101 கிலோ. அவர் 104, அதாவது பிஎம்ஐ 36. முதல் ஆபரேஷனப்போ 44 இருந்ததால் கேள்வியே எழலை. இப்போ கோட்டுக்கு மேல மூணு கிலோதான் மிச்சம். ரிவிஷன் கேஸ்களில் பெரிய சிக்கலே இதுதான். முதல் ஆபரேஷன் பாதி வேலை செஞ்சிருக்கும், அதனாலேயே பாலிசி கேட்கிற அளவுக்கு நீங்க குண்டா இருக்க மாட்டீங்க!

இதுல எனக்கு ஒரு வருத்தம் உண்டு. இந்த 40, 35 கணக்கு 1991-ல் அமெரிக்காவோட தேசிய சுகாதார நிறுவனம் கூட்டின கூட்டத்துல வந்தது. 2022-ல் அமெரிக்க, சர்வதேச எடை குறைப்பு அறுவை நிபுணர் சங்கங்கள் ரெண்டும் சேர்ந்து அதை மாத்திட்டாங்க. 35-க்கு மேலன்னா வேற நோய் இல்லாட்டியும் பரிந்துரைக்கலாம், ஆசியர்களுக்கு 27.5-லேயே யோசிக்கலாம்னு சொல்றாங்க. டாக்டர் 2022-ஐப் படிச்சுட்டுப் பேசுறார், பாலிசி 1991-லயே நிக்குது. டாக்டர் "உங்களுக்குத் தகுதி இருக்கு"ன்னு சொன்னா அது மருத்துவத் தகுதி. கிளெய்ம் தகுதின்னு எடுத்துக்காதீங்க.

இன்னொண்ணையும் கவனிங்க. ஸ்லீவுக்கு அப்புறம் ரிவிஷன் பண்ண முக்கியக் காரணங்களில் ஒண்ணான எதுக்களிப்பு, அந்த நாலு நோய்ப் பட்டியலில் இல்லை. அதே சமயம், எதுக்களிப்பால் உணவுக்குழாய் புண்ணாகி, அதைச் சரி பண்ணத்தான் பைபாஸா மாத்துறாங்கன்னா, அது எடைக்கான சிகிச்சை இல்லைன்னு வாதாட இடம் இருக்கு. இடம்தான் இருக்கு, உத்தரவாதம் இல்லை. எண்டோஸ்கோப்பி ரிப்போர்ட்டும், எதுக்காக இந்த ஆபரேஷன்னு சர்ஜன் எழுதித் தர்ற கடிதமும் இதுல உயிர்நாடி. உண்மையான காரணத்தை உள்ளபடி எழுதச் சொல்லுங்க. கிளெய்முக்காகக் காரணத்தை மாத்தி எழுதச் சொல்லாதீங்க. அது மோசடி, மொத்த பாலிசியும் போயிடும்.

தம்பிக்கு சர்க்கரை 8.9 இருந்ததால் நாலில் ஒண்ணு பொருந்துச்சு. ஆனா 'கத்தியில்லாத வழிகள் பலிக்கலை' என்பதுக்குக் கையில் ஒரு காகிதம் கூட இல்லை. டயட் பண்ணினார், நடந்தார், எல்லாம் வாய்வழிக் கணக்கு. டயட்டீஷியன் குறிப்பு, மாசா மாசம் எடை பார்த்த பதிவு, எழுதின மருந்துச் சீட்டு, இதெல்லாம் தேதியோட சேர நாலு மாசம் ஆச்சு. அந்த நாலு மாசம் வீண் போகலை. எண்டோஸ்கோப்பியும் காண்ட்ராஸ்ட் குடிச்சு எடுக்கிற எக்ஸ்ரேயும் பார்த்தாங்க, மனநல ஆலோசகரும் பார்த்தார். ரிவிஷனுக்கு முன்னாடி இவ்வளவும் பார்க்காம நேரா தேதி தர்ற இடம்னா ரெண்டாவது கருத்து கேளுங்க.

இடையில் ஊசி மருந்துப் பேச்சும் வந்துச்சு. மவுன்ஜாரோ இந்தியாவுக்கு 2025 மார்ச்சில் வந்தப்போ 2.5 மி.கி. வயல் ரூ. 3,500, 5 மி.கி. ரூ. 4,375. வாரம் ஒண்ணு, ஆக மாசம் ரூ. 14,000-ல் இருந்து 17,500. செமாக்ளுடைட் காப்புரிமை 2026 மார்ச் வரைதான் என்பதால அந்தப் பக்கம் விலை இறங்க வழி இருக்கு. நிறுத்தினா எடை திரும்ப ஏற வாய்ப்பு அதிகம். ஆக இது ஒரு தடவைச் செலவு இல்லை, வாடகை மாதிரி. ஆனாலும் ரெண்டாவது கத்திக்கு முன்னாடி டாக்டர்கிட்ட கேட்டே ஆகவேண்டிய கேள்வி. தம்பிக்கும் டாக்டர் அதைச் சொல்லியிருந்தார், எதுக்களிப்பு அதிகமா இருந்ததால அவருக்கு ஒத்து வரலை.

வேலை மாறப் போறீங்களா?

தம்பிக்கு ரெண்டு பாலிசி. ஒண்ணு மில் கொடுக்கிற குரூப் பாலிசி, 5 லட்சம். இன்னொண்ணு 2022-ல் தானே எடுத்தது. குரூப் பாலிசிகளில் பழைய நோய்க்கான காத்திருப்புக் காலத்தை நிறுவனமே காசு கட்டி நீக்கியிருக்கும். அவர் மில் பாலிசியிலும் அப்படித்தான். ஆனா கடைசி வேலை நாளோட அது முடிஞ்சுடும். கோயம்புத்தூர் நிறுவனத்தோட பாலிசியில் எடை குறைப்பு ஆபரேஷன் மொத்தமா விலக்கியிருந்தா? சலுகைக் கடிதத்துல சம்பளத்தை எல்லாரும் பார்க்கிறோம், குரூப் பாலிசி வாசகத்தை ஹெச்ஆர்கிட்ட கேட்டு வாங்கிப் படிக்கிறவங்க யாரு? தம்பி கேட்டார். விலக்கித்தான் இருந்துச்சு. சேருற தேதியைத் தள்ளி வைக்கக் கேட்டார், அவங்க ஒத்துக்கலை, அந்த வேலை போயிடுச்சு. சம்பளத்துல மாசம் ஒன்பதாயிரம் கூடுதல் வேலை அது. சும்மா இல்லை. ஆனா எதிர்ப்பக்கம் அஞ்சு லட்சத்துக்கு மேல பில். அவர் இடத்துல நான் இருந்தாலும் இதையேதான் செஞ்சிருப்பேன்.

ரெண்டாவது பாலிசியில் வேற வில்லங்கம். 2022-ல் எடுக்கும்போது 2019 ஆபரேஷனைச் சொல்லலை. "அதெல்லாம் பழைய கதை, போட வேண்டாம்"னு ஏஜென்ட் சொல்லியிருக்கார். படிவத்துல கையெழுத்து ஏஜென்டோடது இல்லை, உங்களோடது. தொடர்ந்து 60 மாசம் கட்டின பாலிசியை, மோசடின்னு நிரூபிச்சாலொழிய, பழசைக் கிளறி மறுக்க முடியாது. 2024-க்கு முன்னாடி இது எட்டு வருஷமா இருந்துச்சு. தம்பிக்கு 60 மாசம் முடியலை. ஆபரேஷன் முடிஞ்சு மாட்டிக்கிறதை விட இப்பவே எழுதிக் கொடுக்கிறது நல்லதுன்னு சொன்னேன். எழுதிக் கொடுத்தார், பிரீமியத்தைக் கூட்டினாங்க, பாலிசி பிழைச்சது. எல்லாருக்கும் இப்படி முடியும்னு சொல்ல மாட்டேன். ரத்து பண்ணவும் செய்யலாம்.

சம்பளம் ரூ. 21,000-க்கு உள்ளே இருக்கிற மில் நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. உங்களுக்கு இஎஸ்ஐ இருக்கு. நோய் லீவுக்கு, தகுதி இருந்தா, வருஷத்துல 91 நாள் வரை கூலியில் 70 சதவீதம் கிடைக்கும். தனியார் ஆஸ்பத்திரியில் முன்பணம் கட்டுறதுக்கு முன்னாடி இஎஸ்ஐ டிஸ்பென்சரியில் போய்க் கேளுங்க. கட்டினதுக்கு அப்புறம் கேட்டா வேலைக்கு ஆகாது.

பில்லை உடைச்சுப் பார்ப்போம்

5 லட்சம் பாலிசி, அறை வாடகை வரம்பு 1 சதவீதம்னா நாளுக்கு 5,000. நீங்க 8,000 ரூபாய் அறை எடுக்கிறீங்க. 'வித்தியாசம் 3,000 தானே, நாலு நாளுக்கு 12,000, கட்டிக்கலாம்'னு நினைப்பீங்க. அங்கேதான் விழறோம். சர்ஜன் ஃபீஸ், ஆபரேஷன் தியேட்டர் மாதிரி அறையோட சேர்ந்து ஏறுற செலவெல்லாம் அதே விகிதத்துல வெட்டப்படும். அது 3,20,000-ன்னு வைங்க. எட்டில் மூணு பங்கு, 1,20,000 உங்க தலையில். மருந்து, ஸ்கேன், உள்ளே வைக்கிற கருவிகள் இதுல வராது. அறை வித்தியாசத்தோட சேர்த்து 1,32,000. போதாததுக்கு ஐசியூ தவிர்த்து நாளுக்கு 5,000-க்கு மேல போற அறைக்கு 5 சதவீதம் ஜிஎஸ்டி வேற. ஜன்னல் ஓரத்துத் தனி அறைக்கு இந்த விலை!

இந்த ஆபரேஷனில் ஸ்டேப்ளர் கார்ட்ரிட்ஜ் செலவு பெருசு. எத்தனை வரும், அதை இன்சூரன்ஸ் தருமான்னு எஸ்டிமேட்லயே எழுதி வாங்குங்க. கேஷ்லெஸ் அனுமதியை ஒரு வாரம் முன்னாடியே அனுப்பச் சொல்லுங்க. மறுத்தா காரணத்தை எழுத்துல கேளுங்க. கம்பெனியோட குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுதியும் ஒரு மாசத்துல தீரலைன்னா சென்னை இன்சூரன்ஸ் ஓம்பட்ஸ்மேன்கிட்ட போகலாம், கட்டணம் கிடையாது. எடை குறைஞ்சதும் தொங்குற தோலை எடுக்கிற ஆபரேஷன் மட்டும் தனிக் கணக்கு: அழகு சிகிச்சைன்னு பாலிசி பெரும்பாலும் தராது, ஜிஎஸ்டியும் சேரும்.

பேக்கேஜ் விலையை மட்டும் வெச்சு ஆஸ்பத்திரியைத் தேர்வு பண்ணாதீங்க. 2024 ஏப்ரலில் புதுச்சேரியைச் சேர்ந்த 26 வயசு இளைஞர் ஒருத்தர், சென்னை புறநகர் பம்மலில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் எடை குறைப்பு ஆபரேஷனுக்குச் சேர்ந்து இறந்துபோனார். அது முதல் ஆபரேஷன்தான். பெரிய ஆஸ்பத்திரியில் சொன்னதை விடக் குறைஞ்ச செலவுன்னு அங்கே போனதா குடும்பத்தார் சொன்னது செய்திகளில் வந்துச்சு. அரசு விசாரணை வெச்சு அந்த ஆஸ்பத்திரியோட பதிவைத் தற்காலிகமா நிறுத்தி வெச்சது. அவங்க வீட்டு இடத்துல நின்னு யோசிச்சா, மிச்சம் பிடிக்கணும்னு நினைக்கிறது எந்தக் குடும்பத்துக்கும் இயல்பு. அதனாலதான் சொல்றேன், நீங்க கேட்க வேண்டியது வேற கேள்வி. ராத்திரி ரெண்டு மணிக்கு ஏதாவது ஆனா இங்கேயே ஐசியூ இருக்கா? மயக்க டாக்டர் இருப்பாரா? இந்த சர்ஜன் இதுவரை எத்தனை ரிவிஷன் பண்ணியிருக்கார்?

படுத்திருக்கிற மாசம்

தையல் போட்ட இடத்துல கசிவு வந்தா பெரும்பாலும் முதல் பத்து, பதினஞ்சு நாளுக்குள்ள தெரியும். காய்ச்சல், படபடப்பு, வயித்து வலி, தோள்பட்டை வலி, மூச்சு வாங்குறது, இதுல எது வந்தாலும் ஓட வேண்டியது ஆபரேஷன் பண்ணின ஆஸ்பத்திரிக்கு. புதுப்பட்டியில் இருந்து மதுரைக்குப் போய் வர ஒரு நாள் போயிடும். அதனால முதல் ரெண்டு வாரம் மதுரையிலேயே சொந்தக்காரங்க வீட்டுலயோ வாடகை அறையிலோ தங்கச் சொன்னேன். எஸ்டிமேட்ல இந்தச் செலவு வராது. கூட இருக்கிறவங்க சம்பள இழப்பும் வராது. ரெண்டுக்கும் தனியா ஒதுக்குங்க.

முதல்ல தண்ணி ஆகாரம், அப்புறம் கூழ் பதம், அப்புறம் குழைவு. சாதாரணச் சாப்பாட்டுக்கு வர ஒன்றரை, ரெண்டு மாசம் கூட ஆகும். நாலிலிருந்து ஆறு வாரம் வெயிட் தூக்கக் கூடாது. மேஜை வேலைன்னா டாக்டர் சொன்னா சில வாரத்துல திரும்பலாம், லூம், லோடிங் வேலைன்னா லீவைக் கூடுதலாப் போட்டுக்கோங்க. பைபாஸுக்கு அப்புறம் இனிப்பு சாப்பிட்டா வேர்த்து, படபடத்து, வயித்தைக் கலக்கும். ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா ஒரு ஸ்பூன் வாயில் போட்டுட்டு ஒரு மணி நேரம் கட்டிலில் கிடந்த கதையைத் தம்பி சிரிச்சுக்கிட்டேதான் சொன்னார். சிகரெட் கூடவே கூடாது, புண் வரும். சாராயம் சட்டுனு ஏறும். பெண்கள் கர்ப்பத்தை ஒரு வருஷம், ஒன்றரை வருஷம் தள்ளி வைக்கச் சொல்வாங்க. கல்யாணம் நிச்சயமாகப் போகுதுன்னா அதையும் முன்கூட்டியே பேசிடுங்க.

பணத்துக்கு வருவோம். 4 லட்சம் பர்சனல் லோன், 14 சதவீதம், மூணு வருஷம்னா மாசம் ரூ. 13,671. வட்டி மட்டும் சுமார் 92,000. தம்பி கடைசியில் லோனை எடுக்கலை. இன்சூரன்ஸ் தராத பங்கை எமர்ஜென்சி ஃபண்ட்ல இருந்தும் மாமாகிட்ட வாங்கியும் கட்டினார். மாமாகிட்ட வாங்கினாலும் ரூ. 20,000 அல்லது அதுக்கு மேல கடன்னா பேங்க் வழியா வாங்குங்க. ரொக்கமா வாங்கினா அதே தொகை அபராதமா வரலாம், சொந்தம்னு சலுகை கிடையாது. ஆஸ்பத்திரிக்கும் 2 லட்சம் அல்லது அதுக்கு மேல ரொக்கமா கட்ட வழியில்லை. ஆபரேஷன் செலவுக்கு 80டி-யில் கழிவு கிடையாது. அது பிரீமியத்துக்கானது, அதுவும் பழைய வரி முறையில் மட்டும். பிஎஃப்ல நோய்க்குப் பணம் எடுக்க வழி இருக்கு, அதை நான் கடைசியாத்தான் வைப்பேன்.

பி12, இரும்பு, கால்சியம், வைட்டமின் டி மாத்திரைகள் ஆயுசுக்கும். புரதம் தினம் 60 கிராமுக்குக் குறையாம, ரத்தப் பரிசோதனை முதல் வருஷம் சில தடவை, அப்புறம் வருஷா வருஷம். இது எதுவும் இன்சூரன்ஸ்ல வராது. தம்பி கரண்ட் பில், கேபிள் பில்லோட சேர்த்து மாசம் 2,500-ன்னு தனியா ஒரு கணக்கு ஓட்டுறார். இப்போ ஏழாவது மாசம், 87 கிலோ, எதுக்களிப்பு இல்லை.

அவர் பர்ஸில் ஒரு அட்டை இருக்கு. பைபாஸ் பண்ணின தேதி, சர்ஜன் நம்பர், 'டிக்ளோஃபெனாக், ஐப்யூபுரோஃபென் தரக் கூடாது', 'வாந்தி நிக்காம வந்தா குளுக்கோஸ் ஏத்துறதுக்கு முன்னாடி வைட்டமின் பி1 தரணும்'. முதுகு வலின்னு வத்திராயிருப்பு பக்கம் எந்த கிளினிக்கில் உட்கார்ந்தாலும் முதல்ல அந்த அட்டையை நீட்டிட்டுத்தான் கையை நீட்டுறார்.